மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லை, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. பதவி உயர்வுக்கான துறைத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒரு பாடத்தை மூன்று முறை வாசிக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை தீட்டுகிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கிறது; புத்தகத்தை மூடினால் ஒன்றும் வருவதில்லை. என் மூளை ஓட்டைப் பானையாகிவிட்டதா? நினைவாற்றலுக்கு மாத்திரை ஏதாவது உண்டா? படிப்பதற்கு அதிகாலை நல்லதா, இரவு நல்லதா?

பதில்: உங்கள் சிக்கலுக்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். "தெரிந்ததுபோலவே இருக்கிறது" என்கிறீர்களே, அந்த 'போல'தான் உங்களை ஏமாற்றுகிறது. பானையில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி பானையின் வாய்க்கு வெளியே விழுகிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண் ஒன்றின் மீது விழுந்தால் அதைப் பார்த்துவிட்டோம் என்று நம்புகிறோம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கேட்டார்கள். கடைசிப் படத்தில், கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். 20 மருத்துவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவியைப் பார்த்தால், தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் பார்வை நேராக அந்தக் கொரில்லா இருந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது! படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. தேடியது கட்டி, ஆகவே கட்டி மட்டும் தெரிந்தது.

நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அன்றாடம் புழங்கும் நாணயம் ஒன்றின் இரு பக்கங்களையும் பார்க்காமல் தாளில் வரைந்து பாருங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? எழுத்து மேலேயா, கீழேயா? 1979இல் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் நாணயத்தை வைத்து இப்படிச் சோதித்தபோது பெரும்பாலோர் தடுமாறினார்கள். ஆயிரக்கணக்கான முறை கையில் பட்ட பொருள் அது. இது எந்த நாணயம் என்று அடையாளம் காண நிறமும் அளவும் போதும். அதற்கு மேல் எதையும் கவனிக்கத் தேவை எழவில்லை, ஆகவே எதுவும் பதியவில்லை. எத்தனை முறை பார்த்தோம் என்று நினைவு கணக்கு வைப்பதில்லை. பார்த்ததை வைத்து மனம் என்ன செய்தது என்பதுதான் அதற்கு முக்கியம்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் சரளமாக ஓடுகின்றன. மூன்றாம் முறை இன்னும் வேகம். கண்ணுக்கு அந்தப் பக்கம் பழகிவிட்டது; மஞ்சள் பட்டை எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். இந்தச் சரளத்தை மனம் 'எனக்குத் தெரியும்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. சரளம் மிகுந்த இடத்தில்தான் மனம் பராக்குப் பார்க்கப் போய்விடும். கண் நான்காம் வரியில் நகர்ந்துகொண்டிருக்கும். மனமோ அனுப்ப மறந்த ஒரு கடிதத்திடம் போயிருக்கும். பத்தியின் முடிவுக்கு வந்த பிறகுதான் அது தெரிகிறது. சில நாள் அதுவும் தெரிவதில்லை.

தேர்வு உங்களிடம் கேட்பது வேறு திறமை. பக்கத்தைக் கண்டால் அடையாளம் தெரிவது ஒன்று, பக்கம் இல்லாமல் உள்ளிருந்து எடுத்துத் தருவது இன்னொன்று. நீங்கள் முதலாவதைப் பயின்றுவிட்டு இரண்டாவதை எதிர்பார்க்கிறீர்கள்.

இதை ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் அழகாகக் காட்டினார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு வேளை படித்தவர்கள்தான்.

ஆகவே நாளை முதல் இப்படிச் செய்து பாருங்கள். பாடத்தைத் திறந்ததும் முதல் வரியில் இறங்கிவிடாதீர்கள். தலைப்பு, உட்தலைப்புகள், கடைசிப் பத்தி ஆகியவற்றைப் பார்த்து, இது எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். 1972இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற உளவியலாளர்கள் துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, துணி என்ற சொல்லே வராமல் எழுதிப் படிக்கக் கொடுத்தார்கள். எதைப் பற்றியது என்று முன்பே தெரிந்தவர்களுக்கு அது நன்றாக நினைவில் நின்றது. படித்து முடித்த பிறகு தலைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அதனால் பயனில்லை. சொற்கள் உள்ளே வரும்போதே உட்காருவதற்கு இடம் வேண்டும்.

பிறகு ஓர் உட்தலைப்பு அளவுக்கு மட்டும் படியுங்கள். ஒரு நேரத்தில் மனம் ஏந்திக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்கு செய்திகள்தான். இருபது பக்கத்தை ஒரே மூச்சில் வாசிப்பது வீண் வீரம். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில், நினைவுக்கு வருவதை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், எனவே சற்று நின்று சொல்கிறேன். என் வகுப்பில் இதைச் செய்யச் சொல்லும்போதெல்லாம் முதல் ஒரு நிமிடம் ஒரே காட்சிதான். பேனா மூடியைக் கடிப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், கை மெதுவாகப் புத்தகத்தை நோக்கி நகரும். 'ஒன்றுமே வரவில்லை' என்பார்கள். பொறுத்திருங்கள் என்பேன். இரண்டாம் நிமிடத்தில் ஒரு சொல் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். நினைவைப் பலப்படுத்துவது அந்தத் தவிப்புதான். வராமலே போனவற்றுக்குத் தாளில் இடம் விட்டுவிட்டு, அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இப்போது கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நேராக விட்டுப்போன இடத்துக்குப் போகும். நான்காம் வாசிப்பில் கிடைக்காத கூர்மை அது.

மஞ்சள் மையைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். எழுதிப் பார்த்த பிறகு, தவறவிட்ட வரிகளுக்கு மட்டும் தீட்டுங்கள். பக்கம் முழுவதும் மஞ்சளாக இருந்தால் எதுவும் மஞ்சளாக இல்லை என்றுதான் பொருள்.

அலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மணி அடித்தும் நீங்கள் எடுக்காவிட்டால்கூட, யாராக இருக்கும் என்ற எண்ணம் கவனத்தைத் திருடிக்கொண்டு போய்விடும். கவனம் சிதறினால் நினைவுகூர்வதைவிட முதலில் பதிய வைப்பதுதான் பெரிதும் பாதிக்கப்படுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பாடல் வரிகளோடு இசை கேட்டுக்கொண்டு படிப்பதும் வேண்டாம். சொல்லும் சொல்லும் மோதும்.

ஒரே நாளில் முட்டி மோதாமல் பிரித்துப் படியுங்கள். எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே வைத்து இதைச் சோதித்து 1885இலேயே வெளியிட்டார். பொருளற்ற 12 அசைகளின் ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை உருப்போட்டதைவிட, மூன்று நாளில் பிரித்து 38 முறை சொன்னது சற்று அதிகப் பலன் தந்தது.

உங்கள் வயதைக் குறை சொல்லாதீர்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. சதுரங்க வல்லுநர்கள் ஒரு பலகையைச் சில விநாடி பார்த்துவிட்டு அதை அப்படியே அடுக்கிக் காட்டுவார்கள். அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்து வைத்தால் அவர்களும் புதியவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். பழகிய வடிவங்கள்தான் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. நீங்கள் ஆண்டுக்கணக்கில் கோப்புகளைப் பார்த்தவர். ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும், 'இது நான் கையாண்ட எந்தக் கோப்பில் வந்தது?' என்று கேளுங்கள். இருபது வயது இளைஞருக்கு அந்தப் பதில் கிடைக்காது.

மாத்திரை வேண்டாம். ஆரோக்கியமானவரின் நினைவாற்றலைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் பழகிய வழி மறந்துபோகிறது, சொன்னதையே திரும்பக் கேட்கிறீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள், அல்லது நாள் முழுவதும் சோர்வும் மனவாட்டமுமாக இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கக் குறைபாடு, தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவை கவனத்தைக் கெடுக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கடைசிக் கேள்வி: அதிகாலையா, இரவா? உங்கள் உடல் எப்போது விழிப்பாக இருக்கிறதோ அப்போது. இரண்டுக்காகவும் தூக்கத்தைக் குறைக்காதீர்கள், படித்தது உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டையும் இணைத்தும் பார்க்கலாம். இரவில் ஒரு பகுதியைப் படித்து, எழுதிப் பார்த்து, நேராகத் தூங்கப் போங்கள். காலையில் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் இன்னொரு வெற்றுத் தாளை எடுத்து, நேற்றிரவு படித்ததை எழுதத் தொடங்குங்கள். முதல் சில நாள் பாதித் தாள்கூட நிரம்பாது. தேதி போட்டு அதையும் எடுத்து வையுங்கள்.