நகரத் திட்டமிடுநர்களுக்கான வட்டாரச் சங்கம் ஒன்று தொடங்குகிறோம். அதன் நோக்கங்கள் என்னவாக இருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தங்கள் வரைவையும் கூடவே கொடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்து நகரங்களில் வேலை பார்க்கும் நாற்பது பேர் சேர்ந்து சங்கம் அமைக்கிறார்கள். ஆண்டு மாநாடு, விருது, இதழ், பயிலரங்கு என்று பதினான்கு நோக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். எது முதலில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் எட்டு வருடம் இப்படி ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இருந்தேன். பதினான்கில் பத்தையாவது இப்போதைக்கு எடுத்துவிடலாம் என்பேன். ஒவ்வொரு நோக்கத்தையும் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை ஒரு திட்டமிடுநர் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அதற்குச் சங்கம் தேவையில்லை. முடியாது என்றால் அதுதான் உங்கள் வேலை.

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது எல்லைக் கோடு. பக்கத்து பக்கத்து இரண்டு நகரங்களின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடங்களை ஒருமுறை தரையில் விரித்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தோம். ஒரு பக்கம் முப்பது மீட்டர் அகலத்துக்குப் போட்டிருந்த சாலை, எல்லையைத் தாண்டியதும் ஒன்பது மீட்டர் தெருவில் போய் முட்டியது. இந்தப் பக்கம் வடிகால் என்று நீலத்தில் இருந்தது, அந்தப் பக்கம் தொழிற்சாலை மண்டலமாக ஊதாவில் இருந்தது. இருவரும் அவரவர் எல்லைக்குள் சரியாகத்தான் வேலை செய்திருந்தார்கள். இரண்டு படங்களையும் வரைந்தவர்கள் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தண்ணீருக்கும் பேருந்துக்கும் குப்பைக்கும் வாடகைக்கும் நகராட்சி எல்லை தெரியாது. ஆனால் நமக்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அது ஒன்றுதான் தெரியும். இப்படி வெவ்வேறு நகரங்களில் இருக்கும் திட்டமிடுநர்கள் எல்லாரும் பதவியை வெளியே வைத்துவிட்டு ஒரே தரையில் குனிந்து பார்க்கக்கூடிய இடம் சங்கம் மட்டும்தான். அதனால் முதல் நோக்கமாக இதை எழுதுங்கள்: வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரைபடம், சங்கத்தின் கையால், ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுவது.

சட்ட அதிகாரம் இல்லாமல் வரைபடம் போட்டு என்ன பயன் என்று உடனே யாராவது கேட்பார்கள். கோபன்ஹேகனின் புகழ்பெற்ற விரல் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாக நகரம் வளரட்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்கட்டும் என்று 1947இல் வந்த திட்டம் அது. வெளியானபோது அதற்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனாலும் அந்தப் படம் எல்லாருடைய மனதிலும் பதிந்துவிட்டது. பின்னால் வந்த திட்டங்கள் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டன. நியூயார்க் வட்டாரத்துக்கு 1929இல் வந்த திட்டமும் அரசு போட்டது அல்ல, குடிமக்கள் குழு ஒன்று போட்டது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஆடம்ஸ், 1914இல் பிரிட்டனில் தொடங்கிய நகரத் திட்டமிடல் கழகத்தின் முதல் தலைவர். 1919இல் கனடாவின் கழகத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். சங்கம் கட்டியவரே வட்டாரத் திட்டமும் போட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, சங்கத்தைவிடத் தனி மனிதருக்கு அவசியமானது: "கூடாது" என்று எழுதுகிறவரைத் தனியாக விடாமல் இருப்பது.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம். தாழ்வான நிலம் ஒன்றை விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பாக மாற்றக் கேட்டு ஒரு கோப்பு என்னிடம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பழைய மோட்டார் கொட்டகையின் சுவரில் முழங்கால் உயரத்தில், வெள்ளம் விட்டுப்போன வண்டல் கோடு ஒன்று ஓடியது. நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில், கோல் வைத்துப் போட்டதுபோல. அளந்து, படம் எடுத்து, மாற்றம் கூடாது என்று குறிப்பு எழுதினேன். "மறுபரிசீலனை செய்க" என்று கோப்பு திரும்பி வந்தது. அதையே மறுபடி எழுதினேன். அடுத்த மாதம் அந்தப் பிரிவு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. கோப்பு வேறு ஒருவர் மேசைக்குப் போய் வேறு குறிப்போடு மேலே ஏறியது. அந்த நாட்களில் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியது சரிதான் என்று சொல்லக்கூட ஒரு மூத்தவர் இல்லை. சில வருடங்களுக்குப் பிறகு பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்தபின் அங்கே போனேன். கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டின் கூடத்துச் சுவரில் அதே உயரத்தில் அதே கோடு. அந்த வீட்டம்மா துணியை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உறுப்பினர் ஒருவர் கேட்டால் அந்தக் கோப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று மூத்தவர்கள் பத்து நாளுக்குள் எழுத்தில் தொழில்நுட்பக் கருத்து கொடுக்கும் ஏற்பாடு உங்கள் விதிகளில் இருக்கட்டும். அலுவலக ரகசியத்தைத் தொட வேண்டியதில்லை. "இந்த வகை நிலத்தில் குடியிருப்பு வைக்கலாமா" என்ற பொதுக் கேள்விக்குச் சங்கத்தின் பெயரில் பதில் இருந்தால் போதும். அந்த இளைஞர் தன் குறிப்பில் அதை மேற்கோள் காட்டலாம். அதற்குப் பிறகு அவரை இடம் மாற்றலாம், குறிப்பை இல்லாமல் ஆக்க முடியாது.

இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். தவறு செய்த உறுப்பினரை வெளியே அனுப்பும் துணிவு விதிகளில் இல்லையென்றால், மேலே சொன்ன கருத்துக்கு யாரும் மதிப்பு தரமாட்டார்கள். நம் சங்கங்களில் அனுமதி கொடுக்கும் அதிகாரியும் அனுமதி கேட்கும் தனியார் ஆலோசகரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இருவரும் உறுப்பினராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் மனை விற்கும் நிறுவனத்தின் பணத்தில் மாநாடு நடத்தாதீர்கள். சந்தா சிறியதாக இருக்கட்டும், தேநீர் மட்டும் கொடுங்கள், பரவாயில்லை. எங்கள் செயற்குழுவில் இதைச் சொன்னபோது எனக்கு ஆதரவாக இரண்டு கை மட்டுமே உயர்ந்தது. இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

மூன்றாவது, ஆளே இல்லாத ஊர்கள். ஐ.நா. வாழ்விட அமைப்பும் ஆப்பிரிக்கத் திட்டமிடுநர் சங்கமும் 2010களில் வெளியிட்ட ஒப்பீட்டில், பிரிட்டனில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 38 திட்டமிடுநர்கள், நைஜீரியாவில் 1.44, இந்தியாவில் 0.23. இப்படிப்பட்ட நாடுகளின் பல சிறு நகரங்களில் வரைபடத்தைப் படித்துச் சொல்லக்கூட ஒருவர் இருக்கமாட்டார். பிரிட்டனில் 1973இல் தொடங்கிய திட்டமிடல் உதவிச் சேவையில், ஆலோசகர் வைத்துக்கொள்ள வசதியில்லாத மக்களுக்குத் தன்னார்வத் திட்டமிடுநர்கள் வழிகாட்டுகிறார்கள். உங்கள் நாற்பது பேரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுத்தால், சங்க எல்லைக்குள் இருக்கும் எல்லாச் சிறு ஊர்களுக்கும் முறை வைத்துப் போக முடியும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, வரைபடத்தில் மஞ்சள் நிறம் என்றால் என்ன, ஊதா என்றால் என்ன, அவர்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969இல் விவரித்தார் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். அடிப்படியில் அவர் வைத்தது மக்களை ஏய்ப்பதை. நாம் நடத்தும் கூட்டங்களில் பல, வரைபடம் புரியாதவர்களிடம் கையெழுத்து வாங்குவதோடு முடிகின்றன. ஏணியில் அது எந்தப் படி என்பது நமக்கே தெரியும்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற திட்டமிடுநர்கள் இரண்டு ஆண்டுக்கு 32 பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதில் தொழில் நெறிக்கும் சட்டத்துக்கும் கட்டாயப் பங்கு உண்டு. நீங்களும் ஏதாவது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்து உட்கார்வதற்குப் பதில் மாதம் ஒரு நடை வையுங்கள். கள ஆய்வுக்குப் பிறகுதான் திட்டம் என்று நகரத் திட்டமிடலின் முன்னோடியான ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் வந்தபிறகு நாம் அதிகம் மறந்தது நடப்பதைத்தான். மாணவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை ஒருமுறை காலால் உணர்ந்தவர் அப்புறம் மறக்கமாட்டார்.

விருது, இதழ், கட்டடம், சின்னம் எல்லாம் ஐந்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்துக்குத் தலைவர் தேர்தல்கூட வேண்டாம் என்பது என் எண்ணம். வருகிற ஒவ்வொருவரும் தங்கள் நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை ஒரே அளவுகோலில் அச்சிட்டுக்கொண்டு வரட்டும். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் விரியுங்கள். ஓரங்கள் எங்கெங்கே பொருந்தவில்லையோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு எண்ணிடுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் பதினான்கு நோக்கங்களை மறுபடி எழுத உட்காருங்கள். எழுதியபின் இங்கே பதிந்தால் நானும் படித்து என் கருத்தைச் சொல்கிறேன்.