மறு: மாக் 2.9 அதிர்ச்சி அலைப் பிரதிபலிப்பு – வலது எல்லையிலிருந்து பொய் அலை

மாக் 2.9 (ஒலியைப் போல 2.9 மடங்கு வேக) ஓட்டத்தில் அதிர்ச்சி அலை சுவரில் பட்டுப் பிரதிபலிப்பதைக் கணினியில் கணக்கிடும்போது, வலது எல்லையிலிருந்து பொய் அலை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவுட்லெட்டில் (ஓட்டம் வெளியேறும் வலது எல்லையில்) நீங்கள் அழுத்தத்தை 0.714 என்று கட்டிப்போட்டிருப்பதுதான் கோளாறு. அங்கே ஓட்டம் மீயொலி வேகம். எந்தத் தகவலும் உள்ளே திரும்பி வராது. அழுத்தம், வெப்பநிலை, திசைவேகம் மூன்றுக்கும் ஸீரோகிரேடியன்ட் (உள்ளே இருக்கும் மதிப்பையே எல்லையிலும் எடுத்துக்கொள்ளும் நிபந்தனை) போடுங்கள்.

மேல் எல்லையில் நேர்மாறு, மூன்றையும் நிலையாகக் கொடுக்க வேண்டும்: திசைவேகம் (2.61934 -0.50633 0), அழுத்தம் 1.52819, வெப்பநிலை 1.2585. இது உள்வரும் அடர்த்தி 1, வெப்பநிலை 1, வாயு மாறிலி 0.714 என்ற அளவீட்டுக்குத்தான். நிஜக் காற்றின் 287-ஐ விட்டுவைத்தால் மாக் எண்ணே மாறிவிடும்.

கீழ்ச்சுவர் ஸ்லிப் (ஓட்டம் உராய்வின்றி வழுக்கிப் போகும்). நோஸ்லிப் (சுவரில் வேகம் பூஜ்யம்) வைத்தால் எல்லைப்படலம் (சுவரை ஒட்டிய மெதுவான அடுக்கு) கிளம்பி வேறு கணக்காகிவிடும்.

அலை பட்டையாகத் தெரிவதற்கு மெஷ்ஷைக் (பரப்பைப் பிரித்த கட்டங்களைக்) குறை சொல்லுமுன் ஸ்கீமைப் (கட்டங்களுக்கு இடையே மதிப்பைக் கணிக்கும் முறையைப்) பாருங்கள். அப்விண்ட் (அலையை மழுங்கடிக்கும் எளிய முறை) இருந்தால் வான்லீருக்கு (கூர்மையைக் காக்கும் முறைக்கு) மாற்றி, கூரன்ட் எண்ணை (ஒரு நேரப்படியில் அலை எத்தனை கட்டம் நகர்கிறது என்ற அளவை) 0.2-இல் வையுங்கள்.

4×1 பரப்பில் அலை சுவரைத் தொடும் இடம் x = 1.80. பிரதிபலித்த அலை சுவரோடு செய்யும் கோணம் 23.3°, அதற்குப் பின் அழுத்தம் சுமார் 2.93. வலது எல்லையை y = 0.945 அருகே அது கடக்கும். மேல் எல்லையில் முட்டினால் கோணம் தப்பு. உள்வரும் மதிப்புகளைத் திரும்பச் சரிபாருங்கள்.