ஹார்மோன் மாத்திரை: காலையா, இரவா?

கேள்வி: மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் 20 மி.கி. காலையில் போடுகிறேன். பகலெல்லாம் உடம்பு தகிக்கிறது. இரவுக்கு மாற்றலாமா?

மாற்றலாம். இன்று காலை போட்டாயிற்றென்றால் அடுத்தது நாளை இரவு. ஒரே நாளில் இரண்டு வேண்டாம். இதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் காலம், 5–7 நாள். இடையில் பன்னிரண்டு மணி நேரம் கூடினால் ஒன்றும் குடிமுழுகாது. குமட்டல் இருந்தால் இரவு வேளை உதவும். தகிப்பு குறையும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அது ஈஸ்ட்ரோஜன் தடைபடுவதால் வருவது, கடிகாரம் பார்த்து வருவதில்லை.

கேள்வி: டாமாக்சிஃபென் காலையில், மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் இரவில். இடைவெளி போதுமா?

எத்தனை மணி நேர இடைவெளியும் போதாது. மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் இரண்டும் டாமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியையே முடக்குகின்றன. நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து கேளுங்கள்.

கேள்வி: கேன்சருக்கு ஹார்மோன் மாத்திரை எந்த நேரம் நல்லது?

மருந்தின் பெயர் இல்லை, எந்தப் புற்று என்றும் இல்லை. அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்று; அபிராட்டெரோன் 250 மி.கி. நான்கு. வயிற்றைப் பிரட்டுவதால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பாட்டோடு தருகிறோம். நேரம் தவறுவதே இல்லை.

நேரம் தவறவில்லை, முறை தவறிவிட்டது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது! கொழுப்பு குறைந்த உணவோடு போனாலே அபிராட்டெரோன் ரத்தத்தில் ஏறும் மொத்த அளவு வெறும் வயிற்றில் ஏறுவதைப்போல் சுமார் 5 மடங்கு, கொழுப்பு மிகுந்தால் 10 மடங்கு. கூடுதலாக ஏறினால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள்: ரத்த அழுத்தம் எகிறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும், கல்லீரல் அடிபடும். கடைசியாகச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, நான்கையும் முழுசாகத் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; பிறகு 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. விடிந்து எழுந்ததும் போடுவது சுலபம். பிரெட்னிசோலோன் இதற்கு நேர் எதிர்: காலை உணவுக்குப் பின். இரவில் தந்தால் தூக்கம் போகும், திடீரென நிறுத்தினால் ஆபத்து. இரண்டையும் ஒரே கைப்பிடியில் தராதீர்கள். அபிராட்டெரோன் அளவைக் குறைத்து உணவோடு தரும் முறையும் உண்டு. மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் மட்டும். நாளை முதல் அபிராட்டெரோன் வெறும் வயிற்றில். இந்த வாரமே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல் போட்டால் தூக்கம் வரவில்லை.

காலைக்கு மாற்றிப் பாருங்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. இதே வகை மருந்தான எக்ஸிமெஸ்டேன் என்றால் உணவுக்குப் பின்.

கேள்வி: நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டு போடவா?

கூடாது. அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாளாகிவிட்டால் வழக்கமான ஒன்றுதான்.

கேள்வி: ஹார்மோனை அடக்கும் கோசெரலின் ஊசியைக் காலையில் போடுவதா, மாலையிலா?

எப்போதானாலும் சரி. 3.6 மி.கி. ஊசிக்கு 28 நாள், 10.8க்கு 12 வாரம். தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் அடங்கிய ஹார்மோன் மறுபடி தலைதூக்கும்.