செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தொல்லியல் இடங்களைக் கண்காணிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஆனால், காவலைவிடச் சாட்சியமே அதன் பெரும்பயன் என்பது இத்தகைய படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவரும் என் கருத்து.

2015 ஆகஸ்ட் இறுதியில் சிரியாவின் பல்மைராவிலுள்ள பெல் கோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, நேரில் சென்று பார்க்க வழியில்லாத நிலையில், கோயில் நிற்கிறதா இல்லையா என்பது பற்றி முரண்பட்ட தகவல்களே கிடைத்தன. ஆகஸ்ட் 27, 31 ஆகிய நாள்களின் படங்களை ஒப்பிட்ட ஐ.நா.வின் செயற்கைக்கோள் பட ஆய்வுப் பிரிவான யுனோசாட், கோயிலின் முதன்மைக் கட்டடமும் அருகிலிருந்த தூண் வரிசையும் அழிந்ததை உறுதிப்படுத்தியது.

இதைக் காட்டிலும் என்னை வருத்துவது சத்தமின்றி நடக்கும் திருட்டுத் தோண்டல். அதே நாட்டின் பழங்கால நகரமான அபாமியாவில் 2011 ஜூலையில் எடுத்த படத்தில் வயல்வெளியாகத் தெரியும் நிலம், 2012 ஏப்ரல் படத்தில் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் குழிகளால் நிறைந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கையில் குழி ஒரு கரும்புள்ளியாகவும், வெளியே வாரிக் கொட்டிய மண் அதைச் சுற்றிய வெளிறிய வளையமாகவும் தெரியும். நாளாக ஆக ஓரங்கள் சரிந்து, புல் முளைத்து, நிழல் மங்கிவிடும் என்பதால், புதிய குழியைப் பழையதிலிருந்து பிரித்தறிய அந்த நிழலின் கூர்மைதான் முதல் தடயம்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் படங்கள் 5 நாள்களுக்கு ஒருமுறை வந்தாலும், அவற்றில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டரைக் குறிப்பதால், ஓரிரு மீட்டர் அகலமுள்ள குழி அதில் கரைந்துபோகும். புதிய சாலை, கல்குவாரி, அணை நீர் போன்ற பெரிய மாற்றங்களுக்கே அவை ஏற்றவை. குழிகளைக் காண 30 முதல் 50 சென்டிமீட்டர் நுணுக்கமுள்ள வணிகப் படங்கள் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். ஆகவே புகழ்பெற்ற இடங்களுக்குக் கிடைக்கும் கவனம் பழங்காலக் குடியிருப்புகள் புதைந்த, பெயரறியாத மண்மேடுகளுக்குக் கிடைப்பதில்லை. அமைதிக் காலத்திலும் உழவும் வீடுகட்டலும் அம்மேடுகளைத் தின்றுகொண்டிருப்பதை, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995-இல் இரகசியம் நீக்கப்பட்ட அமெரிக்காவின் கொரோனா உளவுப் படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம்.

நிலத்தடியில் நடப்பது எந்தப் படத்திலும் தெரியாது. ஈராக்கின் மோசுலில் நபி யூனுஸ் என்ற தொல்லியல் மேட்டுக்குள் ஐஎஸ் அமைப்பினர் குடைந்த சுரங்கங்களின் அளவு, 2017-இல் ஆட்கள் உள்ளே இறங்கிய பிறகே புரிந்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: படத்தில் கண்ட இடத்தின் துல்லிய அமைவிடத்தைப் பொதுவெளியில் வெளியிட்டால் அது திருடர்களுக்கே வழிகாட்டியாகிவிடும். செயற்கைக்கோள் படங்களில் தொல்லியல் இடங்களைத் தேடப் பொதுமக்களை அழைத்து 2017-இல் தொடங்கிய குளோபல்எக்ஸ்புளோரர் திட்டம், தன்னார்வலர்களுக்குச் சிறு படத்துண்டுகளை மட்டும் அமைவிடக் குறிப்பின்றிக் காட்டியது இதனால்தான். நீங்களும் ஏதேனும் கண்டால், முதலில் அந்த நாட்டின் தொல்லியல் துறைக்குத் தனியே தெரிவியுங்கள். படம் எடுக்கப்பட்ட தேதியை மறவாமல் சேர்த்து அனுப்புங்கள்.