புகைப்படம் மாதிரி வரைந்த ஓவியத்தைப் பார்த்துக் கண்கலங்கினேன் என்று சிலர் சொல்வது நடிப்பா?

கேள்வி கேட்ட தம்பி இன்னும் வீட்டை விட்டு வருஷக்கணக்கில் எங்கும் போனதில்லை என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். மற்றவர்கள் எப்படியோ, இல்யா ரேபின் என்ற ரஷ்ய ஓவியரின் 'எதிர்பார்க்கவில்லை' படத்தைப் பார்த்து நான் கலங்கினேன். அதுவும் மும்பை ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில், பழைய புத்தகக் கடை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு.

நான் ஓவியம் படித்தவனில்லை. தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அந்த ஓவியத்தின் அசல் மாஸ்கோவில் திரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது. நான் பார்த்தது 150 ரூபாய்ப் புத்தகத்தில் அச்சான படம். அசலைப் பார்க்காதவனுக்கு என்ன பேச்சு என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரேபின் 1880களில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் அது. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிறார். அழுக்குப் பழுப்பில் நீளக் கோட்டு, பூட்ஸ், வற்றிப்போன முகம். கதவைப் பிடித்திருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு இவர் யாரென்றே தெரியவில்லை. கறுப்பு உடுத்திய தாய் நாற்காலியிலிருந்து எழுகிறாள். நமக்குத் தெரிவது முதுகுதான், அதுவே போதும். பியானோ முன்னால் மனைவி திரும்பிப் பார்க்கிறாள். மேசையில் பையன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் பக்கத்தில் சின்னப் பெண். தலையைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ பிள்ளை பிடிக்கிறவன் வந்ததுபோலப் பார்க்கிறாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

1993இல் ஷார்ஜா போனேன். ஏசி மெக்கானிக் வேலை என்று சொல்லி ஏஜென்ட் 40,000 ரூபாய் வாங்கினார். அங்கே போனால் மூட்டை தூக்கும் வேலை. பாஸ்போர்ட் கம்பெனியிடம். இரண்டு வருஷம் என்றது மூன்றைத் தாண்டியது. (கையெழுத்து போட்டது நீதானே என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அரபியில் இருந்த காகிதத்தில் நான் எதைப் படித்திருக்க வேண்டும்? அந்த ஏஜென்ட் அப்புறம் இரண்டு மாடி கட்டினார், அது வேறு கதை.) திடீரென்று ஒரு நாள் கம்பெனியை மூடி, டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. வீட்டுக்குச் சொல்ல இருந்தது மளிகைக் கடை ஃபோன் நம்பர் ஒன்றுதான், அதுவும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். "யார் வேணும்?" என்றாள். என் வீட்டு வாசலில், என்னிடம்! உள்ளே என் மகள். எட்டு மாதக் குழந்தையாக நான் விட்டுப் போனவள், நாலு வயதாகியிருந்தாள். "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு அப்பா என்றால் அலமாரி மேல் இருந்த ஸ்டுடியோ ஃபோட்டோ. அதில் எனக்கு முடி நிறைய.

கேமராவில் எடுத்தது மாதிரிதானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஃபோட்டோவால் எனக்கு நடந்தது அதுதான். அதில் ஒரே ஒரு முகம். வந்து நின்றவனுக்கு வேறு முகம். ரேபின் அந்த மனிதரின் முகத்தைப் பலமுறை மாற்றி வரைந்திருக்கிறார். படம் விற்றுப்போன பிறகும் விடவில்லை, 1888 வரை அதைத் தொட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக நிலைத்த முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. உள்ளே வரலாமா என்று கேட்கிற முகம்.

யார்புஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்ணசைவை ஆராய இதே படத்தைத்தான் காட்டினாராம். மகள் எங்கோ படித்துவிட்டுச் சொன்னாள். கேள்வியை மாற்றினால் கண் போகும் வழியும் மாறியதாம். வயதைக் கேட்டால் முகங்களுக்கு, குடும்பத்தின் வசதியைக் கேட்டால் சாமான்களுக்கும் உடைகளுக்கும். வந்தவர் எத்தனை காலம் வெளியே இருந்திருப்பார் என்பதும் யார்புஸ் கேட்டவற்றில் ஒன்று. என்னைக் கேட்டிருந்தால் முகங்களைத் தேடியிருக்க மாட்டேன், அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதேயில்லை.

"முகத்தை யாருங்க பார்த்தா?" என்றாள். "கையில ஒரு ரெக்ஸின் பைதான் இருந்துச்சு. பெட்டி பின்னாடி வருதான்னு தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."