மாமல்லபுரம் காட்டேஜ்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்த் தங்கப்போகிறவர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

காட்பாடி: சார், எந்த வழி நல்லது?

வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். சுமார் 140 கி.மீ. வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்றரை மணி நேரம் ஆகும். முகூர்த்த நாளென்றால் காஞ்சிபுரத்து ஊருக்குள் நுழையவே வேண்டாம். பட்டு எடுக்க வந்த கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பல இடங்களில் பகல் 12 மணிக்கு மேல்தான் சாவி தருவார்கள், அதனால் விடியற்காலையில் கிளம்பிப் புண்ணியமில்லை.

குடியாத்தம்: எட்டுப் பேர் போகிறோம். அட்வான்ஸ் போடும் முன் என்னென்ன கேட்கணும்?

கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தலைக்கு ஷாம்பு போட்டால் நுரைக்காது. கடினத் தண்ணீராக இருந்தால் துவரம்பருப்பு ஆறு விசில் வைத்தாலும் வேகாமல் முழுசாகவே நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் எட்டுப் பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் இரண்டு வேண்டும். அதை அவர்களே தருவார்களா, நீங்கள் வாங்கணுமா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். ‘பவர் பேக்கப் இருக்கு’ என்றால் பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான். ஃபேனும் லைட்டும் ஓடும், ஏசி ஓடாது. ஜெனரேட்டரா என்று நேராகக் கேளுங்கள். படத்தை நம்பாமல் வீடியோ கால் போடச் சொல்லி, குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாசலிலிருந்து மணல் வரை நடந்தும் காட்டட்டும். ‘பீச் காட்டேஜ்’ என்ற பெயரில் நடுவே மெயின் ரோடு ஓடும் வீடுகளும் உண்டு. உள்ளே போனதும் முதல் வேலையாக, உடைந்த தாழ்ப்பாள், கீறல் விழுந்த டைல்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட் தகராறு பாதி அதிலேயே அடங்கிவிடும்.

ஆம்பூர்: மீன் வாங்கி நாங்களே சமைக்கலாம்னு இருக்கோம்.

காலையில் படகு கரையேறும் நேரத்துக்கு மீனவர் குப்பத்துப் பக்கம் போங்கள். செவுள் சிவப்பாக, கண் புடைத்துத் தெளிவாக, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்பணும். வெட்டிச் சுத்தம் செய்ததும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எட்டுப் பேருக்குக் குழம்பு, வறுவல் இரண்டுக்கும் சேர்த்து முழு மீனாக மூன்று கிலோ எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறும். மே லீவில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

ஆற்காடு: பசங்களுக்குக் கிணத்துல நல்லா நீச்சல் தெரியும். கடல்ல இறக்கலாமா?

பயமே அங்குதான். கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுக்காது, கடல் இழுக்கும். அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் ஏதோ ஒரு இடைவெளி வழியாகத்தான் திரும்பிப் போகும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்து, நடுவில் மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அதுதான் அந்த வழி. ‘இங்க அலை இல்ல’ என்று அங்கேயே பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள்! முழங்காலுக்கு மேல் போகவிடாதீர்கள். மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்பணும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காலை நனைப்பதோடு சரி.

வாணியம்பாடி: ஏசி போட்டாலும் பிசுபிசுன்னு இருக்குமாமே?

ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதுதான் முக்கால்வாசிக் காரணம். நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும் துண்டு அங்கே ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடக்கும். துணியை வெளியே போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஏசியை ‘டிரை’ மோடில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துப்போங்கள்.

வேலூர்: கூடப் படிக்கிற வெளிநாட்டு நண்பரும் வர்றார்.

பாஸ்போர்ட், விசா அசலே வேண்டும். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் ரூம் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை: உப்புக்காத்துல கார் துருப்பிடிக்குமா?

ஓரிரு நாளில் ஒன்றும் ஆகாது. ஊர் திரும்பியதும் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். மிதியடியைத் தூக்கி மணலையும் எடுத்துவிடுங்கள். உப்பு மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.