ஹெட் கழட்டியாச்சு, அடுத்து? – கேள்வி பதில்

மஞ்சக்குப்பம்: மாருதி 800, சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. வீட்லயே பார்க்கலாமா?

பார்க்கலாம். ஹெட்டுங்கறது இன்ஜினோட மேல்பாகம். கேஸ்கெட், அதுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு. கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தை பிளாஸ்டிக் சுரண்டியால சுத்தம் பண்ணுங்க. ஸ்க்ரூடிரைவர் போட்டா அலுமினியம் கீறிடும். நல்ல ஸ்டீல் பட்டையை நீளவாட்டுல, குறுக்க, ரெண்டு மூலைக்கும் வச்சு அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) விடுங்க. 0.05 மி.மீ. தகடு நுழையக்கூடாது. நுழைஞ்சா லேத் பட்டறையில ஃபேசிங், அதாவது முகத்தைச் சமமா சீவறது. சூடேறின ஹெட்டுன்னா ரெண்டு வால்வு சீட்டுக்கு (வால்வு உட்கார்ற வளையம்) நடுவுல விரிசலும் பாருங்க.

நெல்லித்தோப்பு: வால்வு தேய்க்கிறது எப்படி?

எது எந்த ஓட்டையோ, வரிசை மாறக்கூடாது. அட்டையில துளை போட்டு நம்பர் எழுதிக் குத்தி வைங்க. தண்டுல ஒரு சொட்டு ஆயில், 45 டிகிரி முகத்துல மட்டும் கிரைண்டிங் பேஸ்ட் மெலிசா. ரப்பர் கப் குச்சியால முன்னும் பின்னும் உருட்டி, அப்பப்ப தூக்கிக் கால் சுத்து திருப்பி உட்கார வைங்க. கரகரன்னு வர்ற சத்தம் மழுங்கினா துடைச்சுட்டு நைசான பேஸ்ட். எங்கயும் அறுபடாம சாம்பல் வளையம் வந்தா போதும், மேல தேய்க்காதீங்க. பேஸ்ட்டை மிச்சமில்லாம கழுவணும். வால்வு தண்டு ஓடுற கைடுக்குள்ள தங்கினா அதையும் அரிச்சிடும். புது ஆயில் சீல், ஸ்பிரிங், லாக் போட்டு, போர்ட்டுல (வால்வுக்குப் பின்னால இருக்கிற காத்து வழி) மண்ணெண்ணெய் ஊத்துங்க. பத்து நிமிஷத்துல வால்வு ஓரம் கசிஞ்சா மறுபடியும். ஓரம் எரிஞ்ச எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தேய்ச்சுப் புண்ணியமில்லை, புதுசு வாங்குங்க.

அரியாங்குப்பம்: ஃபேசிங் கட்டாயமா?

மேல சொல்லியாச்சு. 0.05.

முதுநகர்: கேஸ்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கசிவடைக்கிற பசை தடவணுமாமே?

வேணாம்.

வில்லியனூர்: பழைய மிஸ்திரிங்க தடவித்தானே ஓட்டினாங்க?

அது இரும்பு ஹெட், செம்புத் தகடு கேஸ்கெட் காலம். இப்ப வர்ற கேஸ்கெட்ல பூச்சு ஏற்கெனவே இருக்கு. மேல தடவினா பிதுங்கி ஆயில் ஓட்டையை அடைக்கும். கேம் ஷாஃப்ட் காஞ்சு போகும்.

வில்லியனூர்: லேசா வளைஞ்ச ஹெட்டுக்காவது?

எரியற அழுத்தத்தைப் பசை தாங்காது. வளைஞ்சதுக்கு மருந்து லேத்லதான்.

முதுநகர்: தடவாம மாட்டினேன், கசியுதே!

பிளாக்குல போல்ட் குழியைத் துடைச்சீங்களா? உள்ள தண்ணியோ ஆயிலோ இருந்தா போல்ட் அதுமேல முட்டும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு பார்க்கிற ஸ்பேனர்) டக்குன்னு சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. பிளாக்கே விரிஞ்ச கதையும் உண்டு. துணி விட்டு, காத்தடிச்சு எடுங்க. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, மூணு தடவையா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. கழட்டும்போது வெளியிலேர்ந்து நடுவுக்கு, இன்ஜின் ஆறின பிறகு.

மேட்டுப்பாளையம்: டீசல் வண்டி. பழைய ஹெட் போல்ட்டே போடலாமா?

மேனுவல்ல டார்க்குக்கு (முறுக்கு அளவு) அப்புறம் இன்னும் இத்தனை டிகிரி திருப்பணும்னு கணக்கு இருந்தா அநேகமா இழுபடற போல்ட், புதுசுதான். குழியைத் துடைங்க.

லாஸ்பேட்டை: தண்ணி ஓட்டையைச் சுத்தி அரிச்சிருக்கு.

ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தியிருப்பீங்க. கடலோர உப்பு அலுமினியத்தைத் தின்னுடும். அரிப்பு கேஸ்கெட் வளையம் வரைக்கும் வந்திருந்தா ஆர்கான் வெல்டிங் வச்சு ஃபேசிங். இனிமே கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி.

தவளக்குப்பம்: செக் இன்ஜின் லைட் எரியுது.

ஸ்கேனர் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியனைப் பாருங்க.

பாகூர்: ஃபேசிங் போடணுமான்னு எப்படித் தெரியும்?

பட்டையை வச்சு, ஃபீலர் கேஜ் விட்டு, நம்பரோட வாங்க.